தீபத்துக்கு வாங்க

நான் சொல்வதில் பாதியைத்தான் என் மனைவி நம்புவாள். எந்தப் பாதி என்பதையும் அவளே முடிவு செய்வாள். ஆனால் இப்போது எழுதப்போகிற விஷயத்தை மட்டும் அவள் முழுதாக நம்புகிறாள். ஒரு வார்த்தைகூடத் தள்ளுபடி இல்லை. எனக்குப் பயமே அதனால்தான்.

நடந்தது 1996 அக்டோபரில். நடு ராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை எதுவும் இதில் கிடையாது. சாயங்காலம் நாலே முக்காலுக்கு, முழு நினைவோடு, காபி குடித்த வயிற்றோடு நான் என் கண்ணால் பார்த்தது. பேய்க்கு நேரம் காலம் தெரியும் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பி வையுங்கள்.

என் பெயர் பாலாஜி. திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டை ஒட்டி, ரமணாசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. மாடியில் மூன்று அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். வெள்ளைக்காரர்கள் கடல் தாண்டி மௌனத்தைத் தேடிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருவார்கள். கீழ்த்தளத்தில் அது ஐந்து வருஷமாக ஓசியில் கிடைத்துக்கொண்டிருந்தது. எங்களுக்குத்தான் அது வேண்டாமாக இருந்தது.

என் மகள் கவியாவுக்கு அப்போது ஐந்து வயது. பிறந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. காது நன்றாகக் கேட்கும். சொன்னது புரியும். அவளைச் சிரிக்க வைக்க நான் போடாத கூத்தில்லை. குரங்கு மாதிரி நடப்பேன், தலையில் சொம்பைக் கவிழ்த்துக்கொள்வேன். சிரிப்பாள். தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் வரும். சத்தம் மட்டும் வராது. டி.வி.யில் ஒலியை அடைத்து வைத்த மாதிரி. அதைப் பார்த்ததும் என் மனைவி அன்புச்செல்வி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். நான் சொம்போடு உட்கார்ந்திருப்பேன்.

கொல்லூர் மூகாம்பிகையிடம் வேண்டிக்கொண்டால் பேச்சு வரும் என்றார்கள். வழியில் பெங்களூரில் ஒரு டாக்டரையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். சாமியும் டாக்டரும் ஒருத்தரை ஒருத்தர் நம்பி இருக்கட்டுமே.

கார் என் மச்சான் பரசுராமன் தயவு, டிரைவரும் அவனே. செல்வியின் தம்பி. அவனுடைய அம்பாசிடர் நாற்பதைத் தாண்டினால் அழும். மாட்டு வண்டிக்காரர்கள் எங்களுக்கு ஒதுங்கி வழி விட்டதில்லை. நாங்கள் விட்டிருக்கிறோம்.

இந்த இடத்தில் என்னுடைய ஒரு வியாதியைச் சொல்லியாக வேண்டும். என்னுடையது என்ன, எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் உள்ளதுதான். யாரிடம் பேச்சு முடித்தாலும் "தீபத்துக்கு வாங்க, நம்ம வீட்ல தங்கிக்கலாம்" என்று முடிப்போம். சும்மா ஒரு மரியாதைக்குச் சொல்வது. யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியம். ஒரு கார்த்திகைக்கு ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பமே மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியது. ரயிலில் நான் கூப்பிட்டேனாம். செல்வி அவர்களுக்கு வடித்துக் கொட்டிவிட்டு, என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. வீட்டில் மௌனம் இரண்டு மடங்கானது.

பெங்களூர் டாக்டர் கவியாவின் தொண்டையைப் பார்த்தார், காதைப் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கு. அவளுக்கா தோணணும். பேசறதுக்குத் துணைக்கு ஒரு குழந்தை இருந்தா நல்லது" என்றார். செல்வி தலை குனிந்துகொண்டாள். இன்னொரு குழந்தை எங்களுக்குப் பிறக்காது என்று எங்கள் ஊர் டாக்டர்கள் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்கள். நான் பேச்சை மாற்றுவதற்காக டாக்டரைத் தீபத்துக்குக் கூப்பிட்டேன்.

சிக்மகளூர் காபி மலைகளில் ஒரு நாள். குளிர். லாட்ஜ்காரரையும் கூப்பிட்டேன். மறுநாள் சிருங்கேரி. அங்கே பூக்காரம்மாவையும் கூப்பிட்டேன்.

"வழியில நிக்கிற மைல்கல்ல மட்டும் வுட்டுட்டீங்களே, அதையும் கூப்புடுங்க" என்றாள் செல்வி.

அதற்குப் பிறகு ஆகும்பே.

அது நம் பக்கத்துக் காடு மாதிரி இல்லை. மரத்தின் மேல் மரம் ஏறி உட்கார்ந்திருக்கிற காடு. நாலு மணிக்கே இருட்டிவிட்டது. மழை நின்று பெய்தது. மலைச்சாலையில் ஒரு வளைவில் வண்டி கொதித்துப் புகை விட்டது.

"மாமா, தண்ணி ஊத்தினாத்தான் நகரும். நீங்க எறங்கிக் கேளுங்க. வாய் உங்களுக்குத்தானே ஜாஸ்தி" என்றான் பரசுராமன்.

வளைவில் ஒரு டீக்கடை. நாலு மூங்கில் கால், மேலே நீலத் தார்ப்பாய், ஒரு பெஞ்சு. ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதிருக்கும். புடவையில் இடுப்பு வரைக்கும் செம்மண் சேறு.

எனக்குக் கன்னடம் தெரியாது. தண்ணீர் என்று சைகை காட்டினேன். அவளும் பேசாமல் பாறைப் பக்கம் கையைக் காட்டினாள். ஊற்று. பிடித்து வந்து பரசுராமனிடம் கொடுத்துவிட்டு, டீ கிடைக்குமா என்று கடைக்குள் எட்டிப் பார்த்தேன்.

அடுப்பில் சாம்பல்கூட இல்லை. கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடி டம்ளர்களின் மேல் பச்சைப் பாசி படர்ந்திருந்தது.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது.

காரின் கூரையில் மழை தடதடவென்று அடிக்கிறது. என் தலைக்கு மேலே இருக்கிற தார்ப்பாயில் மட்டும்... சத்தமே இல்லை.

பயம் வந்தால் சிலருக்கு வாய் அடைக்கும். எனக்குத் திறந்துகொள்ளும்.

"ரொம்ப நன்றிம்மா. எங்களுக்குத் திருவண்ணாமலை. தீபத்துக்கு வாங்க. நம்ம வீட்ல தங்கிக்கலாம்."

ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவள் முகம் மாறியது. காரைப் பார்த்தாள். பின்சீட்டு ஜன்னல் கண்ணாடியில் கவியாவின் முகம். அதையே பார்த்தாள்.

பிறகு தன் பக்கத்தில் குனிந்தாள். முந்தானையால் எதையோ துடைத்தாள். அங்கே எதுவும் இல்லை. துடைத்துவிட்டு, உள்ளங்கையால் மெல்ல... காரைப் பார்த்துத் தள்ளினாள்.

புடவைத் தண்ணீரை உதறுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைக்கத்தான் பிடித்திருந்தது.

திரும்பினேன். கவியா காரின் பின்கதவைத் திறந்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். மூடினாள்.

டொக்.

காரின் கடிகாரத்தில் மணி 4.45.

வண்டி மலையிறக்கத்தில் இறங்கியது. கவியா எப்போதும் ஜன்னல் ஓரத்துக்கு அடம் பிடிப்பவள். அன்றைக்கு நடுவில் நகர்ந்து அம்மாவோடு ஒட்டிக்கொண்டாள். ஜன்னல் ஓரம் காலி.

நான் முன்சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தேன். அந்த ஜன்னல் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் வட்டமாக ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது... மறைந்தது.

யாரோ மூச்சு விடுகிற மாதிரி.

குழந்தை உயரத்தில்.

உடுப்பி லாட்ஜில் இறங்கியதும் பரசுராமன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "மாமா, கவியா எங்கனா எறங்கினாளா?"

"இல்லியே."

ஜன்னல் ஓர சீட்டைக் காட்டினான். செம்மண். இரண்டு சின்னக் குதிகால் தடம். துணியை நனைத்து அவனே துடைத்தான். அதைப் பற்றி அவன் இன்று வரை பேசியதில்லை.

கொல்லூரில் அர்ச்சகர் கவியாவின் நாக்கில் எழுத்து எழுதினார். அப்போதும் அவள் பேசவில்லை. செல்வி சௌபர்ணிகை ஆற்றுப் படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் ஒரு ஜோக் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

மறுநாள் மரவந்தே கடற்கரை. ரோட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ஆறு. வண்டியை ஓரம் கட்டி இளநீர் குடித்தோம். செல்வியும் கவியாவும் எனக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். நான் கடலைப் பார்த்து, தாயே, இதற்கா இத்தனை தூரம் வரவழைத்தாய் என்று மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"வாங்க!"

மெல்லிய, தெளிவான, சின்னப் பெண்ணின் குரல்.

திரும்பினேன். ஸ்ட்ராவை வாயில் வைத்தபடி கவியா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் மணலில் உட்கார்ந்து அழுதேன். பரசுராமன் இளநீர்க்காரரைக் கட்டிப் பிடித்தான். என் பெண்ணின் முதல் வார்த்தை, நான் ஊரெல்லாம் இறைத்த அதே வார்த்தை! "பாத்தியா செல்வி, என் வியாதிக்கும் ஒரு பலன் இருக்கு" என்றேன். செல்வி சிரிக்கவில்லை. கையில் இளநீரோடு நின்றிருந்தாள். சந்தோஷத்தில் திகைத்துப்போனாள் என்று நினைத்தேன்.

ஊர் திரும்புவதற்குள் கவியா "தண்ணி" என்றாள். "அப்பா" என்றாள். கரகரப்பான, பழகாத குரல். கிருஷ்ணகிரி தாண்டி ஒரு முழு வாக்கியம். வீட்டு வாசலில் முதலில் அவள்தான் இறங்கினாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, காலி சீட்டைப் பார்த்து, "இதான் எங்க வூடு" என்றாள். விளையாட்டு என்று விட்டுவிட்டோம். அந்த வருஷத் தீபத்துக்கு வந்தவர்களிடம் எல்லாம் பேசித் தீர்த்தாள். என் மகள் அல்லவா.

வீட்டில் ஒன்று மட்டும் மாறியது. செல்வி எதை வாங்கினாலும் இரண்டாக வாங்க ஆரம்பித்தாள். ரிப்பன் இரண்டு, பாவாடை இரண்டு. இரண்டாவது பாவாடை என்றைக்கும் பெரிதானதில்லை, எப்போதும் அதே சின்ன அளவு. கேட்டால், "கொலுப் பொம்மைக்கு" என்பாள். எங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் இல்லை.

2005இல், ஆகும்பேக்கு அடுத்த ஊரான தீர்த்தஹள்ளிப் பக்கத்திலிருந்து சேஷப்பா என்று ஒருவர் எங்கள் மாடி அறையில் வந்து தங்கினார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தமிழ் நன்றாகப் பேசுவார். பேச்சுவாக்கில் ஆகும்பே டீக்கடையைச் சொன்னேன்.

அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"எந்த வருஷம் பாத்தீங்க?"

"தொண்ணூத்தாறு."

"இருக்காது சார். தொண்ணூத்தி ரெண்டு மழையில மலை சரிஞ்சு அந்தக் கடை போயிடுச்சு. எல்லம்மாள்னு ஒரு அம்மா. தமிழ்க்காரங்க. ரோடு போட வந்தவங்க. உங்க பக்கம்தான், செங்கமோ என்னமோ. ஊருக்குப் போகணும்னு வண்டிக்கு வண்டி கையைக் காட்டும். அதுக்குப் பேச்சு வராது, பாவம். பிறவி ஊமை."

"ஊமைன்னா... வியாபாரம்?"

"பொண்ணு இருந்துச்சே. அஞ்சு வயசு. அதுதான் அம்மாவுக்கும் சேத்துப் பேசும். ரோட்ல நின்னு லாரிக்கெல்லாம் கையாட்டி 'வாங்க, வாங்க'ன்னு கூப்பிடும். நாங்க அதுக்கு வாங்க பாப்பான்னே பேரு வெச்சிருந்தோம்."

மலை சரிந்தபோது அவர்கள் இரண்டு பேரும் என்ன ஆனார்கள் என்று கேட்டேன்.

"தாயோட உடம்பு கெடச்சுது சார். குழந்தை... கெடைக்கவேயில்ல."

கீழே இறங்கி வந்தேன். செல்வி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கை நிற்கவில்லை.

"தெரியுங்க."

"என்னா தெரியும்?"

"மரவந்தேல நான் பக்கத்துலதான நின்னேன். கவியா வாயில ஸ்ட்ரா இருந்துச்சு. அவ ஒதடு அசையல."

"ஒம்போது வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா பூசாரியக் கூட்டியாந்து அனுப்பிச்சிடுவீங்க. அது வந்தப்புறந்தான் நம்ம பொண்ணு வாயத் தொறந்தா. அதுகிட்டதான் பேசக் கத்துக்கிட்டா. அது போயிட்டா இவளுக்குப் பேச்சு நிக்குமா நிக்காதா? எனக்குத் தெரியல. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது.

"அதுவும் இல்லாம, எங்க அனுப்புவீங்க?" கீரைத் தண்டை ஒடித்தாள். "நீங்கதான கூப்டீங்க."

யாரையும் கூட்டி வரவில்லை. அந்தத் தீபாவளிக்கு இரண்டாவது பாவாடையை நானே போய் வாங்கினேன். கடைக்காரர் வயது கேட்டார். ஐந்து என்றேன்.

கவியாவுக்கு இப்போது பதினான்கு வயது. குரல் கனத்துவிட்டது. ஜலதோஷம் பிடித்தால் என் குரல் மாதிரியே இருக்கிறது என்று கேலி செய்வோம்.

நேற்று சாயங்காலம் அவள் டியூஷனுக்குப் போயிருந்தாள். செல்வி கோயிலில். நான் மட்டும் வீட்டில். மாடிக்கு ஆள் வந்த செருப்புச் சத்தம் கேட்டு எழுந்தேன்.

எனக்கு முன்னால் வாசலில் கேட்டது.

"வாங்க!"

அந்தக் குரலுக்கு இன்னும் ஐந்து வயதுதான்.