தொட்டில் டிரைவரின் சுற்று வண்டி

அவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறினால் யாருக்கும் கண் சொக்கிவிடும். பள்ளம் வந்தால் வண்டி அதனிடம் சொல்லிக்கொண்டு இறங்குவது போல இறங்கும். டிப்போவில் அவருக்குத் தொட்டில் என்றே பெயர்.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இரவு வேலை. அவள் முடித்துக் கிளம்பும் நேரத்தில்தான் இவர் முதல் வண்டி எடுப்பார். ஒருத்தர் நுழைய ஒருத்தர் கிளம்பும் குடித்தனம். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து வீட்டு முக்கு வரை, அந்த பஸ்ஸுக்குள்தான் இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டியாக இருந்தார்கள். டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, காஸ் தீர்ந்தது, மகள் போன் பண்ணினாள் என்று இரண்டு வார்த்தை சொல்லுவாள். அப்புறம் தூக்கம். முக்கு வந்ததும் அவர் பிரேக்கை லேசாக இரண்டு தரம் மிதிப்பார். எழுந்து இறங்கிவிடுவாள்.

பிறகு ரயில் வந்தது. ரயில் போகும் தடத்தில் பஸ் எதற்கு என்று நீள ரூட்டை வெட்டிவிட்டார்கள். இனி ஸ்டேஷனில் ஆள் ஏற்றி, குடியிருப்புத் தெருக்களைச் சுற்றி, மறுபடி ஸ்டேஷனுக்கே வர வேண்டும். சீனியர் என்பதால் அவர் வெளியூர் வண்டி கேட்டிருக்கலாம். சுற்று வண்டியைக் கேட்டார்.

"என்ன மாமா, இந்த வயசுல ராட்டினம் ஓட்டப் போறீங்களா?" என்றான் மெக்கானிக்.

ஆஸ்பத்திரியிலிருந்து இனி விடியற்கால ரயிலில் வரப்போகிற மனைவி, வீட்டுக்குப் போக இந்த வண்டியில்தான் ஏறியாக வேண்டும். அந்தக் கணக்கை அவர் யாரிடமும் அவிழ்க்கவில்லை.

முதல் நாள் பனிமூட்டம். ஸ்டேஷன் விளக்குகள் பாலில் விழுந்த மாதிரி மிதந்தன. பஸ்ஸுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு கம்பிவேலிதான். ரயில் நின்றது, கூட்டம் இறங்கியது, அவளைக் காணோம். ரயில் நகர்ந்தபோது ஒரு ஜன்னல் மெல்ல அவரைக் கடந்து போனது. கண்ணாடியில் கன்னம் சாய்த்து அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் ஹாரனை அழுத்தினார். எழுப்ப பிரேக்கில் ஒரு கால் இருக்கிறது என்று இத்தனை வருஷம் நம்பிப் பழகிய தூக்கம் அது. ஏறியிருப்பது ரயில் என்று அதற்கு யார் சொல்லுவது?

"அண்ணே, எடுங்க. எல்லாரும் முறைக்கிறாங்க" என்றார் கண்டக்டர்.

எடுத்தார். தெருக்கள் தண்ணீருக்கடியில் தெரிகிற மாதிரி அசைந்தன. வீட்டு முக்கில் கால் தன்பாட்டுக்கு இரண்டு தரம் பிரேக்கை மிதித்தது. பின்னால் தூங்கிய ஒருவர் திடுக்கிட்டு எழுந்து, தன் ஸ்டாப் இல்லாத இடத்தில் இறங்கிப் போனார்.

அடுத்த சுற்றுக்கு ஸ்டேஷன் திரும்பியபோது அவள் நின்றிருந்தாள், தலையெல்லாம் துணிப் பிசிறு.

"கடைசி ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டேங்க. பெட்டி பெருக்க வந்தவங்கதான் எழுப்பினாங்க."

"ஹாரன் அடிச்சேனே."

"ஹாரனுக்கு நான் எப்ப எழுந்திருக்கேன்?"

வண்டியில் கூட்டம் ஓய்ந்திருந்தது. முக்கு வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"ரயில்லயே தூங்கியாச்சு தம்பி. இன்னொரு சுத்து வரேன்."

"அப்ப இன்னொரு டிக்கெட் எடுக்கணும், அண்ணி."

"கிழிப்பா" என்று சில்லறையை நீட்டினாள்.

பிறகு கம்பியைப் பிடித்து முன்னால் சாய்ந்து பேச ஆரம்பித்தாள். மகளுக்குத் தலைவலி விடவில்லையாம். குளியலறைக் குழாய் ஒரு மாதமாகச் சொட்டுகிறது, என்றைக்குப் பார்ப்பீர்கள் என்றாள். ஞாயிற்றுக்கிழமை என்றார் அவர்.

"எந்த ஞாயித்துக்கிழமை?" என்று கேட்டாள்.