வில்சன் வீட்டு மொட்டைமாடியும் ஸ்பானிய மொழியும்

ராயபுரத்து வில்சனுக்கு வயது நாற்பத்தாறு. துறைமுகத்தில் கூலிக்கு மூட்டை தூக்கியவன். இரண்டு வருடமாக வேலை இல்லை. ஸ்பெயினில் ஒரு மேடம் வீட்டுக்குத் தோட்டக்காரன் வேண்டும் என்று வண்ணாரப்பேட்டை ஏஜென்ட் ஃபவாஸ் சொன்னதும், மாடியில் இருக்கிற செடியெல்லாம் நான் வளர்த்தது என்று கூசாமல் புளுகிவிட்டான். பெயின்ட் டப்பாவில் மண் நிரப்பி, ஒவ்வொரு செடியையும் விதைத்தும் பதியன் போட்டும் வளர்த்தவள் அவன் மனைவி சிலுவையம்மாள். இவன் ஒருநாள் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியவனில்லை.

வீடியோ காலில் செடிகளின் பெயரை ஸ்பானிய மொழியில் கேட்பார்களாம். யாராவது எடுத்துக்கொடுத்தால் ஆளையே கழித்துவிடுவார்களாம். இருவரும் போனைப் பார்த்து ஒரு மாதம் படித்தார்கள். வில்சனுக்குத் தெரிந்த ஒரே படிப்பு கோயிலில் சொல்லும் மன்றாட்டுமாலைதான். அதே ராகத்தில் அவள் "செம்பருத்தி" என்பாள், இவன் "இபிஸ்கோ" என்பான். "கொத்தமல்லி" என்றால் "சிலாந்த்ரோ". வரிசை மாறாமல் இருபத்தெட்டுச் செடியின் பெயரும் மடமடவென்று வரும்.

வீடியோ கால் வந்த அன்று அங்கேதான் மாட்டிக்கொண்டான். அந்த மேடம் வரிசையாகவா கேட்பாள்? நினைத்த டப்பாவைக் காட்டச் சொன்னாள். மல்லிகைக்கு முன்னால் நின்றுகொண்டு, பாவி மனிதன், செம்பருத்தியிலிருந்து வாய்க்குள் முணுமுணுத்து வந்தான். பாதியில் அறுந்தது. மறுபடி முதலிலிருந்து. வியர்த்துக் கொட்டியது.

கொடியில் காய்ந்த புடவைக்குப் பின்னால் நின்ற சிலுவையம்மாளுக்குத் தாங்கவில்லை. "ஹஸ்மின்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"வில்சன், பின்னால யாருப்பா? மேடம் கேக்குறாங்க" என்றார் அதே காலில் இருந்த ஃபவாஸ்.

வேலை போய்விடும் என்ற பயம் ஒன்றுதான் அவனுக்கு அப்போது தெரிந்தது.

"வேலைக்காரிண்ணே. துணி எடுக்க வந்துச்சு."

மேடம் சிரித்தாள். அந்த அம்மாவை முன்னால் வரச் சொல் என்றாள். சிலுவையம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். மேடம் எங்கெங்கோ தாவிக் கேட்டாள். இவள் அந்தந்த இலையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. தன் கையால் வளர்த்தவளுக்கு வரிசை எதற்கு? பெயர் கேட்டபோது தலைநிமிராமல் சொன்னாள்:

"சிலுவையம்மாள். இந்த வூட்ல வேலை செய்றேன்."

வில்சனுக்கு உடம்பெல்லாம் குறுகிப்போனது. இல்லை, இவள் என் பெண்டாட்டி என்று சொல்ல வாய் திறந்தான். சத்தம் வரவில்லை, இல்லை, வரவிடவில்லை. அதுதான் உண்மை, அது அவனுக்கும் தெரியும். வேலைக்காரிக்கே இவ்வளவு சொல்லிக்கொடுத்திருக்கிறானே, இவன்தான் வேண்டும் என்று மேடம் அங்கேயே முடிவு செய்துவிட்டாளாம். ஃபவாஸ் வாழ்த்துச் சொன்னார். வில்சன் போனைப் பிடித்தபடியே நின்றான். முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

அவள் காய்ந்த புடவைகளை ஒவ்வொன்றாக உருவி மடித்தாள். மன்னித்துவிடு என்று எப்படியோ சொல்லிவிட்டான். அவள் கோபப்பட்டிருந்தாலாவது தேவலை.

"செடிய நான் பாத்துக்குறேன், நீ போய்ட்டு வா" என்றாள். "அங்க யாராச்சும் கேட்டா மட்டும், பொண்டாட்டி கீறான்னு சொல்லு."