உதடு ஆறும்வரை

மேலுதட்டில் எரிவு தொடங்கியபோது மகள் பிறந்து நாலு நாள். உப்புக்காற்று என்று நினைத்தேன். மறுநாள் நீர் கட்டிய கொப்புளங்கள் கொத்தாக எழும்பின. வருடத்தில் நாலைந்து தரம் வருவதுதான். சிலந்தி எச்சம் பட்டது என்று மஞ்சளைப் பூசிவிட்டுக் கடலுக்குப் போய்விடுவேன். இம்முறை மூக்குக்குள்ளும் பரவி, தொண்டையும் நொந்தது.

வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டை கிளினிக்குக்கு அனுப்பினார்கள். வாங்குப் பலகையில் காத்திருந்தே பாதி நாள் போயிற்று. டொக்டர் அம்மா மூக்குக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

“என்ன தொழில்?”

“கடல். கரையில நிண்டால் கிழிஞ்ச வலை பொத்துறனான்.”

“நூலை எதால வெட்டுறனீங்கள்?”

“பல்லாலதான்.”

எங்கள் கரையில் எல்லோருக்கும் அதுதான் பழக்கம். நைலோன் நூல் ஒரே இடத்தில் உதட்டை அறுத்துக்கொண்டிருந்ததை நான் கவனித்ததே இல்லை.

ஹெர்பிஸ் (ஒருமுறை தொற்றினால் நரம்பில் ஒளிந்திருந்து, வெயிலோ காயமோ காய்ச்சலோ கண்டால் திரும்ப எழும்பும் கிருமி) என்றார். அசைக்ளோவிர் (அந்தக் கிருமி பெருகாமல் தடுக்கும் மருந்து) எழுதினார். அடுத்த முறை எரிவு தொடங்கும்போதே வந்துவிட வேண்டும், பிந்தினால் பலன் குறைவு. மஞ்சளை விட்டுவிட்டுக் கத்தரிக்கோல் வாங்கச் சொன்னார்.

“வீட்டில சின்னப்பிள்ளை இருக்கோ?”

“ஓம், பிறந்து ஒரு கிழமை. தாயும் பிள்ளையும் நேற்றுத்தான் வீட்டை வந்தவை.”

பேனையை வைத்துவிட்டார். “பிள்ளையை வாய் வைச்சுக் கொஞ்சினனீங்களோ?”

“இன்னும் இல்லை.”

“நல்லது. காய்ஞ்சு பொருக்கு விழுமட்டும் கிட்டப் போகாதேங்கோ. எங்களுக்கு உதட்டோட போறது, பச்சைக் குழந்தைக்கு மூளை வரைக்கும் போகலாம். பிள்ளை பால் குடிக்காட்டி உடன கொண்டு ஓடி வாங்கோ.”

வீட்டில் நான் வாய் திறக்கவில்லை. வாயில் வந்த நோய்க்கு ஊர் வேறு கதை கட்டும் என்ற வெட்கம். விறாந்தையில் தனியே படுத்தேன். பிள்ளை பால் குடிக்கும் சத்தம் கேட்கிறதா என்று காதைக் கொடுத்தபடியே நாட்கள் போயின. களைத்துவிட்டேன்.

ஆறாம் நாள் மாமி கேட்டே விட்டா: “பொம்பிளைப்பிள்ளை எண்டு மருமகனுக்கு மனமில்லையோ?”

மனைவி ஜெசிந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன்.

“இதைச் சொல்ல ஆறு நாளோ? நான் என்னென்னவோ யோசிச்சிட்டன்,” என்றாள் ஜெசிந்தா.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு என்னிடம் உள்ள புத்தி இவ்வளவுதான்: முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பொருக்கு விழுந்தபின் மகளை என் மடியில் வைத்தாள். நான் கண்ணாடியில் இரண்டு தரம் பார்த்தேன். என் உடம்பை நானே நம்பவில்லை. பிறகு மகளின் நெற்றியில் உதட்டை வைத்தேன்.

இப்போது விடிந்தால் காற்றைப் பார்க்குமுன் உதட்டைத்தான் தடவிப் பார்க்கிறேன். நல்லாயிருக்கும் காலைகளில் மகளைக் கொஞ்சிவிட்டுக் கடலுக்குப் போகிறேன். மற்றக் காலைகளில் வாசலில் நின்று பார்த்துவிட்டு வைத்தியசாலைக்குப் போகிறேன்.