பூட்டிய தியேட்டர்

தியேட்டர் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டதும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். வாசலோரத்து இருக்கைதான் எடுத்திருந்தேன். அது போதுமா என்று தெரியவில்லை.

எனக்கு ஆறு வயதில், இதே சங்கரன்கோவிலில் அப்பாவுடன் மாட்னி பார்க்கப் போயிருந்தேன். படம் முடிகிற நேரத்தில் வெளியே சாதிக் கலவரம். பஸ்ஸை எரித்துவிட்டார்கள் என்றார்கள். தியேட்டர்காரர்கள் கதவைப் பூட்டிவிட்டு, முடிந்த படத்தையே மறுபடி ஓட்டினார்கள். பீடிப் புகையும் வியர்வையும் மண்டிய இருட்டில், கதாநாயகன் மறுபடியும் ஒற்றை ஆளாக ஊரையே காப்பாற்றினான். யாரும் விசிலடிக்கவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒருவர் குனிந்து, "அண்ணாச்சிக்கு எந்த ஊரு?" என்றார்.

எங்கள் பக்கம் ஊரைச் சொன்னால் தெருவைக் கேட்பார்கள். தெருவைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். முன்பின் தெரியாதவரிடம்கூட எங்கள் ஊர் கரிவலம் என்று பெருமையாகச் சொல்கிற அப்பா, "இங்கனதான், டவுனுதான்" என்றார்.

"டவுனுல எங்கன வே?"

பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அப்பா என் முகத்தைத் தன் சட்டையோடு அழுத்திக்கொண்டு, "பிள்ள தூங்குது அண்ணாச்சி" என்றார். போலீஸ் வந்து கதவைத் திறக்கும்வரை நான் தூங்கிக்கொண்டே இருந்தேன்.

"எம்மா, இவன் ஏன் முகமூடி போட்டிருக்கான்?" திரையில் பறந்தவனைக் காட்டி மகள் கேட்டாள்.

"யாருன்னு தெரிஞ்சா, வீட்டுல உள்ளவங்கள ஏதாவது செஞ்சிருவாங்கல்லா."

"அப்போ பயந்தாங்கொள்ளியா?"

இல்லை என்று சத்தமாகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. மகளின் குரல் கேட்டு முன்னாலிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"மெதுவாப் பேசு மக்கா" என்றேன்.