பெரியவரின் தாகமும் தள்ளிப்போன மாமியார் வீடும்

மெத்தைக்காரரின் பழைய பிக்கப் டீசல் குடித்தது என்று எழுதினால் மரியாதைக் குறைவு. பெரியவர் அருந்தினார். அந்த வண்டிக்கு வீட்டில் 'பெரியவர்' என்றுதான் பெயர். காலையில் எழுப்பினால் இருமுவார். மேடு கண்டால் முனகுவார். நெடுஞ்சாலையில் ஏறிவிட்டால் தலைக்கு மேலிருந்து 'ஊ'வென்று ஓர் ஊளை விடுவார். வயதானால் மூச்சு வாங்கத்தானே செய்யும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

ஏற்றுவதோ மெத்தை. ஒரு கையால் தூக்கிவிடலாம். இதற்குப் போய் இத்தனை குடியா என்பதுதான் மெத்தைக்காரரின் மண்டையைக் குடைந்த கேள்வி. "செங்கல் ஏத்துறவன்கூட என்னைவிடக் கம்மியா ஊத்துறான். நான் பஞ்சைத்தானே சுமக்குறேன்?" என்று பங்க்கில் நின்று புலம்புவார். பங்க் அக்கா 'ஆமாண்ணே' என்று குழாயைச் சொருகுவார். நல்ல வாடிக்கையாளரின் மனதை நோகடிக்க அவருக்கு விருப்பமில்லை.

இந்த நேரத்தில்தான் மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன், சரக்கு வண்டிக் கம்பெனி முதலாளி, தங்கை வீட்டுக் கவலைகளை மொத்த விலைக்கு எடுத்துக்கொள்பவர்.

"மாப்ள, இந்தக் கிழத்தைக் கட்டிக்கிட்டு இன்னும் எத்தனை நாள் மாரடிப்பீங்க? வித்துத் தள்ளிட்டு நம்ம ஆபீசுக்கு வாங்க. ஃபேனுக்குக் கீழயே நாற்காலி. சட்டையை உள்ள விட்டுக்கிட்டு உக்காந்தா போதும்."

மெத்தைக்காரர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் சட்டையை உள்ளே விட்டிருக்கிறார், கல்யாணப் புகைப்படத்துக்காக. அதில் அவர் முகத்தைப் பார்த்தவர்கள், மாப்பிள்ளைக்கு வயிற்று வலியா என்று விசாரித்தார்கள்.

"மாசக் கடைசி வரைக்கும் டைம் குடுங்க மச்சான். மைலேஜ் ஏத்திக் காட்டுறேன்."

"ஏறலைன்னா?"

"வண்டியும் உங்களுது, நானும் உங்க ஆளு."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது.

மறுநாள் பெரியவருக்குப் பத்தியம் தொடங்கியது. எடை குறைந்தால் தாகம் குறையும் என்றார் மெக்கானிக். ஸ்டெப்னி இறங்கியது. ஜாக்கி இறங்கியது. பின்கதவு கழன்றது. கடைசியில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டும் போனது. யாராவது ஏறினால் உட்கார ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து வைத்தார்கள். மெத்தைக்காரர் டேங்க்கை நிரப்பிக்கொண்டு நெடுஞ்சாலை வழியாக மாமியார் வீட்டுக்குப் போய்த் திரும்பி, மறுபடி நிரப்பிப் பார்த்தார். கழுதை தேய்ந்து கட்டெறும்பானதுதான் மிச்சம். தாகம் அப்படியே இருந்தது.

ஒன்றை மட்டும் யாரும் கழற்றவில்லை. டிரைவர் தலைக்கு மேல், சுவர்போல நிமிர்ந்து நின்ற தகர போர்டு. கடை திறந்த அன்று மச்சான் கொடுத்த அன்பளிப்பு. 'மெத்தைகள்' என்பது அதில் எறும்பு அளவு எழுத்தில் இருக்கும். மீதி இடம் முழுக்க மச்சான் சிரித்துக்கொண்டிருப்பார். மெக்கானிக் ஒருமுறை அதை நோக்கி ஸ்பேனரை நீட்டினார். மெத்தைக்காரர் பதறிப்போனார்.

"அதுல மட்டும் கை வைக்காதீங்க! அது வண்டியோட பார்ட் இல்ல, மாமியார் வீட்டு சமாச்சாரம். கழட்டினா நாளைக்கு என் பொண்டாட்டி அம்மா வீட்டு வாசப்படியை எப்படி மிதிப்பா?"

மெக்கானிக்குக்கும் ஒரு மச்சான் உண்டு. ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு வேறு யோசனை சொன்னார். "சின்ன டயர் போட்டுப் பாருங்கண்ணே. உருட்டுறது லேசு."

போட்டார்கள். பெரியவர் முழங்கால் மடித்து உட்கார்ந்ததுபோல் ஆனார். ஆனால் என்ன அதிசயம்! அடுத்த தடவை மாமியார் வீடு போய் வந்தபோது, மீட்டரையும் டீசலையும் வகுத்துப் பார்த்தால் மைலேஜ் ஏறியிருந்தது. மெத்தைக்காரர் மீசையை ஒதுக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

மனைவி தையல் மிஷினில் மெத்தை உறை தைத்துக்கொண்டிருந்தார். கணக்கைக் கேட்டதும் மிஷின் நின்றது.

"என்னங்க, எங்கம்மா வீட்டுக்கு இவ்வளவு கிலோமீட்டரா? வழியில எங்க சுத்தினீங்க?"

"எங்கயும் சுத்தலம்மா, நேராத்தான் போனேன்."

"வாரா வாரம் போற வீடு, எனக்குத் தெரியாதா? உண்மையைச் சொல்லுங்க."

அடுத்த தடவை மனைவியும் வாளியில் உட்கார்ந்து கூடவே போனார். எங்கும் திரும்பவில்லை, நிற்கவில்லை. மீட்டர் போன தடவை காட்டிய அதே பெரிய எண்ணைக் காட்டியது. இருவரும் மீட்டரைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்கம்மா வீடு தள்ளிப் போயிருக்கு," என்றார் மெத்தைக்காரர், குழப்பத்தோடு. கல்யாணமான நாளிலிருந்து அவர் மனதுக்குள் வேண்டிக்கொண்டதுதான். ஆனால் இத்தனை வருடம் கழித்துப் பலிக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

மனைவி இறங்கி, கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பை எடுத்து, டயருக்கு இடுப்பளவு எடுத்தார். பிறகு வீட்டு மூலையில் கிடந்த பழைய டயருக்கும் எடுத்தார்.

"வீடு அங்கேயேதான் இருக்கு. டயருதான் இளைச்சிருக்கு. குட்டைக் காலுக்காரன் அதே தூரத்துக்கு அதிக அடி வைப்பான்ல? இந்த மீட்டரு அடியை எண்ணுது. டீசல் எப்பவும் போலத்தான் போயிருக்கு."

மெத்தைக்காரருக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதி நல்ல பாதியாக இல்லை. "அப்ப மச்சான்கிட்ட இந்தக் கணக்கைச் சொன்னா..."

"பொய்க் கணக்கு காட்டி ஜெயிச்சா எங்கண்ணன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? பழைய டயரை மாட்டுங்க."

பழைய டயர் ஏறியது. மாசக் கடைசியும் வந்தது, கூடவே மச்சானும் வந்தார். வந்தவுடன் முதல் வேலையாக ஆள் வைத்து போர்டைக் கழற்றச் சொன்னார்.

"விக்கப்போற வண்டியில என் மூஞ்சி எதுக்கு மாப்ள? வாங்குறவன் என்னையும் சேத்து வாங்கிட்டதா நெனச்சுக்குவான்."

கடைசிச் சோதனைக்கு அதே மாமியார் வீட்டுப் பாதையில் கிளம்பினார்கள். பங்க்கில் டேங்க் விளிம்புவரை நிறைந்தது. மனைவி பின்னால் மெத்தைமேல் சாய்ந்துகொண்டார். முதலாளி மச்சான் வாளிமேல் வீற்றிருந்தார். மெத்தைக்காரர் ஸ்டியரிங்கைத் தடவித் தடவி ஓட்டினார். ஓட்டும் கடைசி நாள் இதுதான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நெடுஞ்சாலையில் ஏறியும் ஊளை வரவில்லை. 'துக்கத்துல தொண்டை அடைச்சிருக்கு' என்று நினைத்துக்கொண்டார். பின்னால் மனைவி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, டிரைவர் தலைக்கு மேலே, போர்டு நின்ற இடத்தில் காற்று தடையில்லாமல் போகும் வெட்டவெளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து குழாயைச் சொருகினார்கள். ஓடத் தொடங்கிய குழாய் 'டக்'கென்று நின்றது. பங்க் அக்கா வெளியே எடுத்து, மறுபடி சொருகினார். மறுபடி 'டக்'.

"அவ்வளவுதான்ணே, டேங்க் ஃபுல்லு."

"என்ன அதுக்குள்ள?" என்றார் மச்சான்.

"என்ன அதுக்குள்ள?" என்றார் மெத்தைக்காரரும். ஜெயித்தவர், தோற்றவர் இருவர் முகத்திலும் ஒரே முழிப்பு. மச்சான் குழாயைச் சந்தேகித்தார், டேங்க்கைக் குனிந்து பார்த்தார், மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். பங்க் அக்காவோ நல்ல வாடிக்கையாளர் ஒருவரை இழந்த துக்கத்தில் இருந்தார்.

"சரி, சொன்ன சொல்லு சொல்லுதான். வண்டி உங்களுதே மாப்ள. போர்டை எடுத்துட்டு வரச் சொல்றேன், மறுபடி மாட்டிக்கலாம்."

"வேண்டாண்ணே!" மெத்தைமேலிருந்து மனைவியின் குரல் கொஞ்சம் அவசரமாகவே வந்தது. "உங்க மூஞ்சி இந்த ஓட்டை வண்டியிலயா இருக்கணும்? உங்க புது லாரியில மாட்டுங்க, ஊரே பாக்கும்."

மச்சான் முகம் மலர்ந்தது.

இப்போது மெத்தைக்காரர் சட்டையை வெளியே விட்டுக்கொண்டு பெரியவரை ஓட்டுகிறார். ஸ்டெப்னியும் பின்கதவும் வீடு திரும்பிவிட்டன. சீட் மட்டும் திரும்பவில்லை. எல்லாம் அந்த வாளியின் மகிமை என்பது அவருடைய முடிவு. போன வாரம் மச்சான் வந்து, தன் முகத்தைச் சுமக்கும் புது லாரி திடீரென்று டீசலைக் கண்டபடி குடிக்கிறது, என்ன செய்வதென்றே புரியவில்லை என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மெத்தைக்காரர் அவருடைய தோளில் ஆறுதலாகத் தட்டினார்.

"கவலைப்படாதீங்க மச்சான். முதல்ல பக்கத்து சீட்டைக் கழட்டிட்டு, ஒரு வாளியைக் கவுத்துப் போடுங்க."

மனைவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மிஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.