பேரம் பேசாத ஜெபம்

போன வெள்ளிக்கிழமை காலை திருவெறும்பூர் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத எண். "ஸ்டீபன் சாருங்களா? கருப்பையாவோட தம்பி பேசுறேன். அண்ணன் போயிட்டாருங்க." மேலே பேச முடியாமல் அழுதார். நான் ஏறவேண்டிய பஸ் வந்தது, போனது. அப்படியே நின்றிருந்தேன்.

நம் சபையில் கருப்பையா அண்ணனைத் தெரியாதவர் இல்லை. அவர் இங்கே வந்து சேர்ந்த கதை சிலருக்குத்தான் தெரியும். தொழிற்சாலையில் நானும் அவரும் ஒன்றாக வெல்டிங் வேலை பார்த்தோம். வையம்பட்டிப் பக்கம் அவர்களுடைய குலதெய்வக் கோயிலில், மூத்தவர் என்பதால் பூசை செய்யும் முறை அவருடையது. மனைவி ராணி அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தபோது ஒரு நேர்த்திக்கடனையும் விடாமல் செய்தார். பிறகு யாரோ சொல்லி நம் சபைக்கு வந்தார். சிகிச்சையும் நடந்தது, ஜெபமும் நடந்தது. அக்கா தேறினார்.

ஞானஸ்நானத்தின்போது போதகர் வேறு பெயர் வைக்கலாமா என்று கேட்டார். "எங்கம்மா கூப்பிட்ட பேருங்க இது. இந்தப் பேரைச் சொன்னா ஆண்டவருக்கு என்னைத் தெரியாதாங்களா?" என்றார் அண்ணன். பெயர் அப்படியே நின்றது.

குலதெய்வத்தின் பூசைப் பெட்டியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு போய்த் தம்பியிடம் கொடுத்தார். "இளப்பமா நெனச்சுத் தரலப்பா. மனசை ரெண்டா வச்சுக்கிட்டு என்னால பூசை பண்ண முடியல." தம்பி பெட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டார். அதற்குப் பிறகு பல வருடங்கள் பேச்சே இல்லை. பொங்கலுக்கு அண்ணன் போன் செய்வார். அந்தப் பக்கம் எடுக்கமாட்டார்கள்.

அந்த நாட்களில் அவருடைய பக்தியைப் பார்த்து எங்களுக்கே வெட்கமாக இருக்கும். பைக்கில் சிலுவை, தலையணைக்கு அடியில் ஜெப எண்ணெய், ஓயாத உபவாசம். ஆனால் அக்காவுக்கு நோய் திரும்பியது. இந்த முறை போய்விட்டார்.

அண்ணன் சபைக்கு வருவதை நிறுத்தினார். நான் வீட்டுக்குப் போனபோது எண்ணெய்ப் பாட்டில்களை ஒரு சாக்கில் போட்டு வாசலில் வைத்திருந்தார். "நான் என்னங்க குறை வச்சேன்?" என்று கேட்டார். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

சில மாதங்கள் கழித்து ஸ்ரீரங்கத்தில் நண்பர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு இருவரும் காவிரிப் பாலத்தில் நடந்து வந்தோம். எதிரே கோயிலுக்குப் போகும் கூட்டம். அண்ணன் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"இவங்கள்ல சும்மா பாத்துட்டு வரணும்னே போறவங்களும் இருப்பாங்க, ஸ்டீபன். நான் எந்த வாசலுக்கும் அப்படிப் போனதில்லை. ஊர்லயும் கேக்கத்தான் நின்னேன், இங்கயும் கேக்கத்தான் நின்னேன். சாமியை மாத்துனேன், பேரத்தை மாத்தல. சிலுவையையே சிலையாத்தான் வச்சிருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ராணி இனிமே வரமாட்டா. கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல. ஆனாலும் ஆண்டவர் எனக்கு வேணுங்க."

அடுத்த ஞாயிறு வந்தார். எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று போதகர் கேட்டார். "ஒண்ணுமில்லைங்க. அவர்கூட இருக்கலாம்னு வந்தேன்." அதன்பிறகு அவர் அப்படித்தான் வந்தார், உட்கார்ந்தார். பைக்கில் சிலுவை இல்லை. முகத்தில் பயமும் இல்லை.

நுரையீரல் நோயில் அண்ணன் படுத்தபோது சுகத்துக்காக நான் சத்தமாக ஜெபித்தேன். "நல்லா கேளுங்க, நான் தடுக்கல. எனக்கு அவர் இருக்காரு" என்று சிரித்தார். செய்தி கேள்விப்பட்டு ஒரு நாள் தம்பி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். சட்டைப்பையில் குலதெய்வக் கோயில் விபூதிப் பொட்டலம். பூசலாமா என்று தயங்கி நின்றார். "அது வேணாம்ப்பா. நீ வந்தியே. இப்படி உக்காரு" என்று அண்ணன் கையைப் பிடித்து இழுத்தார். தம்பி பொட்டலத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அண்ணனின் காலை அமுக்க ஆரம்பித்தார். அன்று முதல் அவர் ஊருக்குப் போகவில்லை.

கடைசிவரை நான் கேட்டேன். கிடைக்கவில்லை. அந்தக் கோபம் எனக்குள் இருக்கிறது. இன்று காலை அதை மறைக்காமல் எடுத்துக்கொண்டு ஜெபத்தில் உட்கார்ந்தேன். எதுவும் கேட்கவில்லை, அழத்தான் முடிந்தது. வெறுங்கையோடும் ஆண்டவரிடம் போய் உட்காரலாம் என்பதை நான் கருப்பையா அண்ணனிடமிருந்து பெற்று வைத்துக்கொள்கிறேன்.