சீர்த்தட்டு வேட்டி

எனக்குக் காது குத்தியது ஏழு வயதில். எங்கள் பக்கத்தில் ஒன்றிலோ மூன்றிலோ குத்தி முடித்துவிடுவார்கள். ஐந்து ஆகிவிட்டாலே என்ன ஏது என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு ஏழு வரை இழுத்ததற்குக் காரணம் ஒரு பால் வண்டி.

புது வீட்டுக்குக் குடிபோனபோது அப்பா உறவுக்காரர்கள் எல்லோர் வீட்டுக்கும் நேரில் போய்ப் பத்திரிகை வைத்தார். பொம்மிடியில் இருந்த அம்மாவின் அண்ணனுக்கு மட்டும், நம்ம மச்சான்தானே என்று, அந்தப் பக்கம் போகிற பால் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். பெண் கொடுத்த வீட்டுக்குப் பத்திரிகை பால் கேனோடு கேனாக வந்து இறங்குவதா என்று மாமா கொதித்துப்போனார். விசேஷத்துக்கு வரவில்லை. அவர் வராததற்கு அப்பா முறுக்கிக்கொண்டார். அதோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. அவரை யார் போய் அழைப்பது என்பதிலேயே நாலு வருஷம் ஓடிவிட்டது. அதற்குள் எனக்கு இரண்டு பல் விழுந்து முளைத்துவிட்டன.

கடைசியில் ஒருநாள் அம்மாவே பஸ் ஏறிப் போய் அழைத்துவிட்டு வந்தாள். மாமா வருவதாகச் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். சீர் கொண்டுவருவார், மடியில் வைத்துக்கொள்வார், ஆனால் சாப்பாட்டில் கை வைக்க மாட்டார். விசேஷத்துக்கு வந்த அண்ணன் இலையில் உட்காராமல் போய்விட்டால், அதன் பிறகு பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அம்மாவுக்கு ஒன்றும் மிஞ்சாது. இதை அவள் யாரிடமும் சொல்லி அழவில்லை. கறிக்குழம்புக்கு மசாலா அரைக்கும்போது மட்டும், அண்ணனுக்குக் காரம் ஆகாது என்று சமையல்காரரிடம் இரண்டு தடவை சொன்னாள்.

பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டி, சித்தேரி மலைக்குக் கீழே, ஒரு பாறை மேல் இருக்கிறது எங்கள் குலசாமி கோயில். ஆனி மாதம். மலையிலிருந்து இறங்குகிற காற்று அந்தப் பாறையில் மோதித்தான் ஊருக்குள் போகும். மொட்டை அடித்து, சந்தனம் பூசி, மாமா மடியில் உட்காரவைத்து, ஆசாரி இரண்டு காதையும் குத்தினார். நான் போட்ட சத்தத்தில் மாமா கண் கலங்கிவிட்டார். சீர்த்தட்டில் எனக்குப் பட்டுப்பாவாடை, அம்மாவுக்குச் சேலை, அப்பாவுக்கு வேட்டி. அம்மா சேலையை வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். அப்பா தட்டுப் பக்கமே திரும்பவில்லை. அடுப்பு எரிகிறதா என்று பார்க்கப் போனவர் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் குடும்பப் படம். போட்டோக்காரர் இளவட்டம். புதிதாக ஒரு வெள்ளைக் குடை வாங்கியிருந்தார். ஒரு ஆள் உயரக் கம்பியின் உச்சியில் ஃப்ளாஷை மாட்டி, அதற்கு முன்னால் குடையை விரித்துக் கட்டினார். ஃப்ளாஷை நேராக அடித்தால் முகம் எண்ணெய் வழிகிற மாதிரி வரும், குடை வழியாக அடித்தால் காலை வெயில் மாதிரி இதமாக விழும் என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கினார். நாங்கள் புளியமரத்து நிழலில் நின்றோம். அம்மா ஒரு பக்கம் அப்பாவையும் மறுபக்கம் மாமாவையும் நிறுத்தப் பார்த்தாள். அப்பாவை இழுத்து வந்தால் மாமா ஒதுங்கினார். மாமாவைப் பிடித்து வந்தால் அப்பாவுக்கு அடுப்பு ஞாபகம் வந்தது.

போட்டோக்காரர் ஒன்று, இரண்டு என்று எண்ணும்போது காற்று வந்தது. குடை வெளிப்பக்கமாக மலர்ந்து கம்பியோடு சாய்ந்தது. அவர் பாய்ந்து ஃப்ளாஷைக் காப்பாற்றினார். குடை பாறையில் உருண்டுபோய் வேலிமுள்ளில் மாட்டிக் கிழிந்தது. பாவம், அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. குடை இல்லாமலே ஒன்று எடுத்துப் பார்ப்போம் என்று எடுத்து, கேமராவின் பின்பக்கத்தில் எனக்குக் காட்டினார். சந்தனம் உதிர்ந்த இடத்திலெல்லாம் என் மொட்டை குண்டு பல்பு மாதிரி எரிந்தது. நான் அழுத அழுகையில் காது குத்தின வலிகூட மறந்துபோனது. இப்படி ஒரு படம் எடுத்தால் பள்ளிக்கூடமே போகமாட்டேன் என்றேன்.

காற்று நிற்கட்டும் என்றார் போட்டோக்காரர். அந்தப் பாறையில் காற்று ஆவணியில்தான் நிற்கும். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டரை பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று பொதுவாக யாருக்கோ சொன்னார். அம்மா அவர் கடிகாரத்தைப் பார்த்தாள், சீர்த்தட்டைப் பார்த்தாள். பிறகு போய் அப்பாவின் வேட்டியை எடுத்து உதறி விரித்தாள்.

குடையும் வெள்ளைத் துணிதானே, இதை யாராவது ஃப்ளாஷுக்கு முன்னால் பிடித்தால் ஆகாதா என்று கேட்டாள். போட்டோக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆகும் என்றார். பிடிக்கிறவர்கள் உயரமாக இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் உயரமானவர்கள் இரண்டே பேர்தான். பிள்ளை இப்படி அழுகிறதே என்றாள் அம்மா. அதற்கு மேல் யாரால் மறுக்க முடியும்.

ஆளுக்கு இரண்டு முனையாக அப்பாவும் மாமாவும் வேட்டியைப் பிடித்து நின்றார்கள். அது பாய் மாதிரி உப்பி இருவரையும் இழுத்தது. ஆனாலும் பேச மாட்டார்களே. தூது நான்தான். கொஞ்சம் கீழே இறக்கச் சொல் பாப்பா என்பார் மாமா. நான் அப்பாவிடம் சொல்வேன். அவரைத் தள்ளி நிற்கச் சொல் என்பார் அப்பா. நான் மாமாவிடம் சொல்வேன். நான் ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் காற்று வேறு பக்கம் திரும்பிவிடும். இந்த வேலை எனக்குப் பெருமையாக இருந்ததால் அழுகையை நிறுத்திவிட்டேன்.

போட்டோக்காரர் மறுபடி எண்ண ஆரம்பித்தார். அப்போது வந்த காற்று முன்னால் வந்ததையெல்லாம் விடப் பெரியது. அப்பாவின் செருப்பு பாறையில் வழுக்கியது.

"மாப்ள, வுடுங்க, உழுந்துருவீங்க" என்றார் மாமா. என்னிடம் அல்ல.

"நான் வுட்டா அது உங்க மேல சுத்திக்கும் மச்சான். நீங்க வுடுங்க."

"நீங்க மொதல்ல வுடுங்கன்றேன்."

இரண்டு பேரும் விடவில்லை. தூது போக ஆள் நான் இருக்கும்போது இவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொள்கிறார்களே என்று எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த நேரத்தில் ஃப்ளாஷ் அடித்தது.

வேட்டியை மடிக்கக் காற்று விடவில்லை. அப்பா அதைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, மாமாவின் முகத்தைப் பார்க்காமல், கை கழுவிட்டு வாங்க மச்சான் என்றார். மாமா அம்மாவிடம், குழம்பு காரமா என்று கேட்டார். இல்லை என்று அம்மா தலையை ஆட்டினாள். அவர் போய் இலையில் உட்கார்ந்தார். பன்னிரண்டரை பஸ் அவர் ரசத்துக்கு வரும்போது கீழே ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

இப்போது கல்யாண வீடுகளில் படம் எடுப்பதுதான் என் பிழைப்பு. ஆனி, ஆடியில் மலையடிவாரத்துக் கோயில் என்றால் முதல் வேலையாகக் குடையை மடக்கி வண்டியில் வைத்துவிடுவேன். கம்பியின் காலில் ஜல்லி நிரப்பிய பையைத் தொங்கவிட்டு, ஃப்ளாஷைத் திருப்பிக் கோயிலின் வெள்ளைச் சுவரில் அடித்தால் போதும், வெளிச்சம் பூப்போல வந்து விழும். அன்றும் எங்களுக்குப் பத்தடி தள்ளி வெள்ளையடித்த சுவர் ஒன்று சும்மாதான் நின்றது. சின்னக் குடையே தாங்காத காற்றில் நாலு முழ வேட்டியைத் தூக்கிப் பிடிக்கச் சொல்ல யாருக்கும் தோன்றாது. மொட்டைமாடியில் ஒருநாள் துணி காயப்போட்டவர்களுக்குக்கூடத் தெரியும், அது ஆளையே இழுத்துக்கொண்டு போகும் என்று. அம்மா தினமும் மொட்டைமாடியில்தான் துணி காயப்போடுவாள்.

படம் இன்னும் எங்கள் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. வெளிச்சம் இதமாக விழுந்திருக்கிறது, என் மொட்டை மின்னவில்லை. அதில் அப்பாவும் இல்லை, மாமாவும் இல்லை. அத்தை, சித்தப்பா, நான், எல்லோரும் கேமராவைப் பார்க்கிறோம். அம்மா மட்டும் கழுத்தைத் திருப்பி, படத்துக்கு வெளியே எங்கேயோ, வாய் லேசாகத் திறந்திருக்க, கண் நிறையப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். படத்தைக் கெடுத்துவிட்டாயே, இன்னொன்று எடுக்கச் சொல் என்று அன்றைக்கே தரையில் புரண்டேன். இதுவே போதும் கண்ணு என்று சொல்லிவிட்டாள்.

அந்த ஆற்றாமை எனக்கு ரொம்ப நாள் போகவில்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் அந்தப் படத்துக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தி, அவர்கள் கேட்பதற்கு முன்பே நானாகச் சொல்லிவிடுவேன்: "எங்கம்மாவுக்கு போட்டோவுக்கு நிக்கத் தெரியாதுங்க."

காப்பி கொண்டுவந்து வைத்துக்கொண்டே, ஆமாங்க, தெரியாது என்பாள் அம்மா.